கட்டைவிரல் வைத்த இடம்

இடக்கையில் தராசு, வலக்கையில் படிக்கல்.
கொம்பொங் சினாங் சந்தையில்
உப்பில் நொதித்த மீனை நிறுத்து விற்பவள் நான்.
விற்கலாம், நாவில் வைக்கக் கூடாது.
சிறுநீரகங்கள் கைவிட்டு மூன்று வருடம்.

அன்று பத்தாவதோ பதினோராவதோ ஆள்.
தராசை உயர்த்தினேன்.
முள் நேராகத்தான் நின்றது.
சந்தை சாய்ந்தது.

கண் விழித்தபோது பக்கத்துக் கடைக்காரி
என் முகத்தில் ஐஸ் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.
அவள் பெயர் வாயில் வரவில்லை.
இருபது வருடமாய் அவளிடம்தான் சில்லறை மாற்றுகிறேன்.

பசி என்றார்கள். வெயில் என்றார்கள்.
போன பிறவிக் கணக்கு என்றாள் நாத்தனார்,
அவள் எதற்கும் அதைத்தான் சொல்வாள்.

கையை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.
சமர்த்துக் கை அது.
தோலுக்கடியில் லாடம்போல் வளைத்துப் புதைத்த
வெள்ளைக் குழாய்
தமனியைச் சிரையோடு குறுக்கே கோத்திருக்கிறது.
தொட்டால் மடியில் படுத்த பூனைபோல் உறுமும்.
வாரம் இருமுறை ப்னொம்பென்னுக்கு வேன் ஏறி
இரண்டு தடித்த ஊசிகளை வாங்கிக்கொண்டு
நான்கு மணி நேரம் என் ரத்தத்தை வெளுக்கக் கொடுக்கும்.
இரவில் அதைக் காதடியில் வைத்துத்தான் தூக்கம்.
அது உறுமினால் நான் இருக்கிறேன்.

மாலிபிச் என்றொரு பெண் கழுத்தில் குளிர்ந்த பசை தடவி
கருவியை உருட்டிக்கொண்டே போனாள்.
பிடரி எலும்பின் துளைகளில் நுழைந்து நுழைந்து
மூளைக்கு ஏறும் தமனிகள் இரண்டாம்.
இந்தத் திரையில் ஏறுவது சிவப்பு, இறங்குவது நீலம்.
வலப்பக்கம் சிவப்பு.
இடப்பக்கம்
அவள் கருவியைத் திருப்பிப் பார்த்தாள்,
துடைத்துவிட்டுப் பார்த்தாள்,
நீலம்.

வலது பிடரியில் ஏறியது
மண்டைக்குள் சந்திப்பில் திரும்பி
இடது பிடரியில் இறங்கி
என் கைக்குப் போகிறது.
குழாயின் தாகம் அவ்வளவு பெரிது.
கையை வேலை வாங்கினால் இன்னும் பெரிது.

டாக்டர் விச்செத்துக்கு மீசை இன்னும் நிறையவில்லை.
"நம் தொன்லே சாப் மாதிரி, அம்மா.
மழைக்காலத்தில் திரும்பி ஓடுவதில்லையா?"
"ஆறு திரும்பினால்
ஏரி நிறைகிறது, மீன் பெருகுகிறது.
இது திரும்பி எனக்கு என்ன கொண்டுவந்தது?"
அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

அப்போது மாலிபிச் ஒன்றும் சொல்லாமல்
என் குழாயின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

உறுமல் நின்றது.
செத்துவிட்டேன் என்று நினைத்தேன்.
திரையில் நீலம் தயங்கியது,
ஒரு துடிப்புக்கு அங்குமிங்கும் ஆடியது,
சிவந்தது.
மேலே, மேலே, மேலே.
சுவர்க் கடிகாரத்தின் எண்கள்
எத்தனை கூர்மை என்று அன்றுதான் பார்த்தேன்.

விரலை எடுத்தாள்.
மறுபடி நீலம்.

குழாயை அடைத்தால் தலைக்கு ரத்தம் உண்டு.
குழாய் இல்லாமல் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
வேன் முழுக்க இதையே கணக்குப் போட்டேன்.
என் தொழிலில் ஒரு தட்டில் கூடுதலாக வைத்தால்
மறு தட்டு பொய் சொல்லும்.

அடைக்கவில்லை.
நூலால் ஒரு சுற்றுச் சுற்றி
கழுத்தை ஒடுக்கினார்கள், அவ்வளவுதான்.
திரை பார்த்து இறுக்கி, தளர்த்தி, திரை பார்த்து.
இப்போது இயந்திரம் முனகுகிறதாம்,
நான்கு மணி நேரம் நான்கரை ஆகிவிட்டது.
அந்த அரை மணி
என் தலை குடியிருக்க நான் கட்டும் வாடகை.
பூனையும் குரல் தாழ்ந்துவிட்டது.
மின்விசிறியை நிறுத்தினால்தான் கேட்கிறது.

ஆறு மறுபடி தெற்கே திரும்பி
படகுப் போட்டிக்கு ஊரே கிளம்பிய வாரம்
தராசை உயர்த்தினேன்.
சந்தை அதன் இடத்திலேயே இருந்தது.
ஈக்கள் உட்பட.

"ஸ்ரேய்னுவோன்,
பத்தாயிரம் ரியலுக்குச் சில்லறை இருக்கிறதா?"

"இல்லை" என்றாள், தலை நிமிராமல்.